அத்தையின் ஸ்பூன் டப்பா: 'சேலம்' என்று எழுதிய சூனியக்காரி ஸ்பூன் நம்ம ஊருடையதா?

மரவனேரி_மல்லி

வணக்கம். வெள்ளியோ பழம்பொருளோ எதிலும் எனக்கு அனுபவம் கிடையாது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை, அப்பாவுக்கு அக்கா, ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவுக்கு வெளிநாட்டில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போய்விட்டு வரும் பிள்ளைகள் "மிஸ்ஸுக்கு" என்று ஏதாவது கொண்டுவருவார்களாம். யாரோ ஒரு பெண் முதலில் ஊர் பேர் போட்ட குட்டி ஸ்பூன் ஒன்று கொடுத்திருக்கிறாள், அத்தை அதை அறை ஜன்னலில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு மிஸ்ஸுக்கு ஸ்பூன்தான் பிடிக்கும் என்று பேச்சாகி, அப்புறம் வருஷா வருஷம் ஸ்பூனாகவே வந்து சேர்ந்துவிட்டது. இப்போது முட்டிவலியில் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தையைக் கீழே எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். கூடவே பிஸ்கட் டப்பா நிறைய ஸ்பூன்.

பெரும்பாலும் கறுத்துக் கிடக்கின்றன. ஒன்றில் காம்பு நுனியில் காற்றாலை இருக்கிறது, ஊதினால் இன்றைக்கும் இறக்கை சுற்றுகிறது. அதன் பின்பக்கம் 90 என்று அடித்திருக்கிறது, அப்படியென்றால் 90 டச், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு தரமுள்ள வெள்ளியா? இன்னொன்றில் ரோலெக்ஸ் என்று கடிகாரக் கம்பெனி பெயர். ஒன்றில் இரண்டு துப்பாக்கி குறுக்கே வைத்த முத்திரை. மலேசியாவில் இருந்து வந்த ஒன்று கறுக்கவே இல்லை, சாம்பல் நிறத்தில் மங்கலாக, கனமாக இருக்கிறது.

எங்களைக் குழப்புவது வேறு ஒன்று. காம்பில் கூர்தொப்பி போட்ட ஒரு கிழவி, கையில் துடைப்பம். அவளுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக இறங்கி 'சேலம்' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் குண்டூசி மாதிரி மூன்று ஊசிகள். இது மட்டும் பிள்ளைகள் கொடுத்தது இல்லை. எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்கார அம்மா "உன் ஊர் பேர் போட்டிருக்கு, நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்தார் என்கிறார் அத்தை. அம்மாவுக்கு இது வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஏன் வெளியே எடுத்தாய் என்று எனக்குத் திட்டு. சித்தப்பா வேறு, வெள்ளி விற்கிற விலைக்கு மொத்தத்தையும் உருக்கிப் பாப்பாவின் சீருக்குக் கொலுசாக அடித்துவிடலாம் என்கிறார்.

நம்ம சேலத்தில் இப்படி ஒரு ஸ்பூன் செய்தார்களா? எது வெள்ளி, எது இல்லை என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? கறுப்பை எதைப் போட்டுத் தேய்ப்பது?

தட்டுவடை_செட்

கோட்டை மாரியம்மன் இருக்கிற ஊரில் துடைப்பக்கட்டையோடு ஒரு கிழவி வந்து உட்கார முடியுமா? அம்மாவிடம் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது. பதில் தெரிந்தவர்கள் வருவார்கள், நானும் உட்கார்ந்து படிக்கிறேன்.

குகை_பட்டறை

தங்கச்சி, முதலில் 90 விஷயம். அது டச் இல்லை. நம்ம பட்டறைக் கணக்கில் 90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி, சரி. ஆனால் ஜெர்மனி, ஹாலந்து பக்கத்துச் சாமானில் தனியாக 90 அல்லது 100 என்று அடித்திருந்தால் அது முலாம். ஒரு டஜன் ஸ்பூன், ஒரு டஜன் முள்கரண்டிக்குச் சேர்த்து 90 கிராம் வெள்ளி முலாம் ஏற்றியிருக்கிறோம் என்று அதற்குக் கணக்கு. உள்ளே இருப்பது வேறு உலோகம். அந்த ஊர்களில் வெள்ளியாக இருந்தால் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று 800, 835, 925 மாதிரி மூன்று இலக்கத்தில் இருக்கும். இந்த 90-ஐ நம்பிக் காசு கொடுத்துவிட்டு வந்து முழித்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் அதுவும் முலாம்தான், அடியில் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். பொட்டு வெள்ளி கிடையாது. இங்கிலாந்து வெள்ளி என்றால் சின்னச் சின்ன முத்திரை வரிசையாக இருக்கும், அதில் ஒரு காலைத் தூக்கி நடக்கிற சிங்கம் இருந்தால் 925. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை போட்டது, சிறுத்தை முகம் லண்டன், கிரீடம் ஷெஃபீல்ட். ஷெஃபீல்டில் 1975-க்குப் பிறகு கிரீடத்துக்குப் பதில் ரோஜா வந்துவிட்டது, அதனால் கிரீடம் இருந்தால் கொஞ்சம் பழசு என்று வைத்துக்கொள்ளலாம். நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்கள்.

மலேசியா ஸ்பூன் பியூட்டராக இருக்கும். முக்கால்வாசிக்கும் மேல் வெள்ளீயம், நம்ம ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வகையறா. அந்தச் சொம்பை வெறும் அடுப்பில் வைத்தால் என்ன கதி என்று அம்மாவுக்கே தெரியும், இதுவும் அப்படித்தான். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே இளகிவிடும். வெள்ளி இளக 960 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்தப்பா எல்லாவற்றையும் ஒரே மூசையில் போட்டார் என்றால் இந்த ஒன்றே மொத்த வெள்ளியையும் கெடுத்துவிடும். வெள்ளீயம் கலந்த வெள்ளி அடிக்க அடிக்க வெடிக்கும், அதில் கம்பி இழுக்கவே முடியாது.

டச் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனால் வெட்டிப் பார்க்க விடாதீர்கள். இப்போது எல்லா இடத்திலும் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது, வைத்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது மேல்தோலைத்தான் படிக்கும். கெட்டி முலாமாக இருந்தால் உள்ளே பித்தளை இருந்தாலும் வெள்ளி என்றே சொல்லும். தேய்ந்த இடத்தில், குழியின் அடிப்பக்கம், மேஜையில் உரசி உரசி மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிகிற இடம் இருந்தால் அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பி ஸ்பூன் சைஸ் என்றால் ஒன்று 10, 15 கிராம் தேறும். அதில் முலாம் ஸ்பூன்கள் போக மிச்சம் எத்தனை, உருக்குகிற கழிவு எவ்வளவு, கொலுசுக்குச் செய்கூலி எவ்வளவு என்று சித்தப்பாவை ஒரு பேப்பரில் போடச் சொல்லுங்கள். நான் கொலுசு செய்து பிழைக்கிறவன், இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம்.

அலமாரி_அஞ்சுரோடு

ஸ்பூன் சேர்க்கிற ஆள் சேலத்தில் நான் ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லி, அந்தக் கிழவி யார் என்று எனக்குத் தெரியும்!

அது நம்ம சேலம் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கடலோரம் ஒரு சேலம் இருக்கிறது. 1692-இல் அங்கே சூனியம் வைத்தார்கள் என்று பழி சுமத்தி நூற்றைம்பது பேருக்கு மேல் பிடித்தார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வழக்கை ஏற்றுப் பதில் சொல்ல மறுத்த ஒரு கிழவரை நெஞ்சின் மேல் கல் அடுக்கியே கொன்றார்கள். சூனியக்காரிகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து ஊசியால் குத்துகிறார்கள் என்று சில பெண்பிள்ளைகள் கோர்ட்டில் அலறினார்கள், ஊசிகளையும் காட்டினார்கள். உங்கள் ஸ்பூனில் இருக்கிற மூன்று ஊசி அதுதான். யாரையும் எரிக்கவில்லை, சினிமா பார்த்துவிட்டு நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள்.

இரு நூறு வருஷம் கழித்து அதே ஊரில் டேனியல் லோ என்ற நகைக்கடைக்காரர் ஐரோப்பாப் பயணம் போகிறார். ஜெர்மனியில் ஊர் பேர் போட்ட ஸ்பூன்களைப் பயணிகள் வாங்கிப்போவதைப் பார்க்கிறார். நம்ம ஊருக்கு என்ன அடையாளம் என்று யோசித்தவருக்குக் கிடைத்தது சூனியக்காரி. 1890, 91 வாக்கில் அவர் கடை இந்த ஸ்பூனை விற்க ஆரம்பித்தது, ஊர் ஊருக்கு விளம்பரம் கொடுத்துத் தபாலிலும் அனுப்பினார்கள். அதற்குச் சற்று முன்னால், 1889-இல், வாஷிங்டனில் கால்ட் என்ற கடை ஜார்ஜ் வாஷிங்டன் முகம் போட்ட ஸ்பூன் கொண்டுவந்திருந்தது. ஆனால் அமெரிக்கா முழுக்க ஸ்பூன் பைத்தியம் பிடித்தது சூனியக்காரிக்குப் பிறகுதான் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குள் ஸ்பூன் அடிக்காத ஊரே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நீங்கள் சொல்கிற அடையாளம், துடைப்பம், ஊசி, கீழே இறங்கும் எழுத்து, எல்லாம் முதல் வடிவத்துக்குப் பொருந்துகிறது. அப்புறம் வந்த இரண்டாவது வடிவத்தில் பூனை, பிறை என்று வேலைப்பாடு கூடுதல். பின்பக்கம் ஸ்டெர்லிங் (925 வெள்ளிக்கு ஆங்கிலப் பெயர்) என்ற சொல் இருக்கிறதா, டேனியல் லோ பெயர் இருக்கிறதா பாருங்கள். குழி உள்பக்கம் லேசாகத் தங்க முலாம் தெரிகிறதா? இருந்தால் தயவுசெய்து எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த முலாம் பூ மாதிரி மெல்லிசு.

அந்த சேலம் கப்பல் ஊரும்கூட. அவர்கள் கப்பல்கள் மிளகுக்காகச் சுமத்ரா போனவை, இந்தியத் துறைமுகங்களுக்கும் வந்தவை. 1799-இல் அந்த ஊர்க் கேப்டன்கள் ஒரு சங்கம் வைத்தார்கள், நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ தாண்டிப் போனவர்கள் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம், போன இடத்தில் இருந்து விசித்திரமான பொருள் ஏதாவது கொண்டுவர வேண்டும். அதுதான் இன்றைக்குப் பெரிய மியூசியமாக இருக்கிறது. உங்கள் எஸ்டேட் அம்மாவுக்கு ஸ்பூன் எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 'சேலம்' என்று போட்ட ஒரு ஸ்பூனை ஏற்காட்டில் குடியிருந்தவர் எங்கே பார்த்தாலும் வாங்கியிருப்பார் அல்லவா? நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

ரோலெக்ஸ் ஸ்பூனுக்கு ரொம்ப ஆசைப்படாதீர்கள். சுவிட்சர்லாந்தில் பூகெரர் என்ற கடிகாரக்கடை, கடைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஊர் ஊராக முத்திரை மாறும், லூசர்ன் என்று இருந்தால் அதுதான் நிறையக் கிடைக்கும். கடிகாரம் வாங்கினார்களா, சும்மா உள்ளே போய் ஏசியில் நின்றுவிட்டு வந்தார்களா என்று ஸ்பூனைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மரவனேரி_மல்லி

அண்ணா, கை நடுங்கிக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். ஸ்டெர்லிங் என்று இருக்கிறது! லோ என்ற பெயரும் தேய்ந்துபோய்த் தெரிகிறது. குழியில் தங்க நிறம் ஓரத்தில் மட்டும் இருக்கிறது, நடுவில் போய்விட்டது. துடைப்பத்தின் குச்சி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள், அந்த இடுக்கில் இருக்கிற கறுப்பால்தான் அது துடைப்பம் மாதிரியே தெரிகிறது. அதையும் எடுக்கக்கூடாதா?

பட்டறை அண்ணா சொன்ன மாதிரி பார்த்ததில் சிங்கம் இரண்டு ஸ்பூனில் இருக்கிறது, துப்பாக்கி ஸ்பூன் அதில் ஒன்று. சித்தப்பா பேப்பரில் கணக்குப் போட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

கிரேஞ்ச்_மழை

ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். துப்பாக்கி முத்திரை ஸ்பூன் சுற்றுலா ஸ்பூனே இல்லை, பரிசு. அந்தக் காலத்தில் ரைபிள் கிளப், கோல்ஃப் கிளப்களில் மாதப் போட்டிக்குக் கோப்பை கொடுக்க மாட்டார்கள், ஸ்பூன்தான். வருஷம் முழுக்க நன்றாகச் சுட்டவன் வீட்டில் அரை டஜன் சேர்ந்துவிடும். முத்திரைக்குக் கீழேயோ பின்பக்கமோ பேரின் முதல் எழுத்து, தேதி, எடுத்த மார்க் வெட்டியிருக்கிறதா பாருங்கள். அத்தைக்கு யார் கொடுத்தது என்று கேளுங்கள், பிள்ளையின் தாத்தா ஜெயித்ததாக இருக்கலாம்.

மலை வீடுகளில் இந்தச் சாமான் நிறைய இருந்தது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்த காலத்தில் இருந்து துரைமார் குடும்பங்கள் இங்கே இருந்திருக்கின்றன, கிளம்பும்போது கப்பலுக்குக் கனம் என்று கட்டில், பீங்கான், கரண்டி எல்லாவற்றையும் விற்றோ கொடுத்தோ விட்டுப் போனார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு சூப் கரண்டி இருக்கிறது, அதில் பாயசம்தான் ஊற்றுகிறோம்.

நான் சொல்ல வந்தது கறுப்பு பற்றி. இங்கே ஜூனில் இருந்து டிசம்பர் வரை மேகம் வீட்டுக்குள்ளேயே வரும், சுவரில் பூஞ்சை, பீரோ துணியில் வாடை. வெள்ளி ஈரத்தில் மட்டும் கறுப்பதில்லை, காற்றில் இருக்கிற கந்தகம் வேண்டும், ஈரம் அதற்குத் துணை. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. அத்தை ஸ்பூன்களைக் கொத்துக் கொத்தாக ரப்பர் போட்டுக் கட்டியிருந்தால் கட்டின இடத்தில் மட்டும் அட்டைக்கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். முட்டை சாப்பிட்ட வெள்ளி ஸ்பூன் கறுப்பதும் இதனால்தான். கம்பளித் துணி, செய்தித்தாள் இரண்டிலும் சுற்றி வைக்காதீர்கள். துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி போதும், டப்பாவுக்குள் இரண்டு சாக்பீஸ் போட்டு வையுங்கள், ஈரத்தை இழுக்கும்.

அலுமினியத் தாள், சோடா உப்பு, கொதிக்கிற தண்ணீர் என்று யாராவது சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும். வெள்ளியோடு ஒட்டிய கந்தகத்தை அலுமினியம் பிரித்துவிடும், அழுகின முட்டை நாற்றம் வரும், பளிச்சென்று ஆகிவிடும். சாதா ஸ்பூனுக்குச் செய்யலாம். உங்கள் துடைப்பத்துக்குச் செய்தால் இடுக்குக் கறுப்பும் சேர்ந்து போய்விடும், கிழவி மொட்டையாகத் தெரிவாள். கலர் எனாமல் பூசின ஸ்பூன், குழாய் மாதிரி காம்பு உள்ளே அரக்கு வைத்த ஸ்பூன், இதையெல்லாம் கொதிதண்ணீரில் போடவே கூடாது.

பித்தளை_அண்டா

பேத்தி மாதிரி இருக்கிறாய், ஒரு வார்த்தை. டூத்பேஸ்ட் போடாதே, அது சுரண்டும். விபூதியைச் சலித்து, ஈரத்துணியில் தொட்டு, விரலால் நீளவாக்கில் தேய். முலாம் சாமானுக்கு அதுவும் அடிக்கடி வேண்டாம். புளி பித்தளைக்கு, வெள்ளிக்கு இல்லை.

ஸ்பூன் சேர்க்கிறதை என்னவோ வெள்ளைக்காரன் பழக்கம் என்று பேசுகிறீர்கள். எங்கள் மாமியார் காசிக்குப் போனபோது ஒரு உத்தரணி, ராமேஸ்வரத்தில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று என்று வாங்கி வந்து பஞ்சபாத்திரத்தோடு வைத்திருந்தார். ஒன்றில் காம்பு நுனியில் பாம்பு படம் எடுக்கும், ஒன்றில் நந்தி. தீர்த்தம் கொடுக்கும்போது "இது காசி உத்தரணி" என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார். அதில் ஊர் பேர் போட்டிருக்காது, அவர் வாயில்தான் இருக்கும், அவர் போனதும் எது எந்த ஊர் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

எவர்சில்வரில் பேர் வெட்டுகிறோமே, அது எவ்வளவு நல்ல ஏற்பாடு! என் டம்ளர் எல்லாவற்றிலும் யார் கல்யாணம், என்ன தேதி, யார் வைத்த மொய் என்று இருக்கிறது. கொடுத்தவர்கள் பாதிப்பேர் இன்றைக்கு இல்லை, தண்ணீர் குடிக்கிறபோது பேரைப் படிக்கிறேன். பிள்ளை பிறந்ததும் வெள்ளிச் சங்கில் பாலாடை, அதையும் விற்காமல் பேரனுக்குக் கொடுப்போம். ஹாலந்தில் குழந்தை பிறந்தால் தேதி, எடை எல்லாம் வெட்டி ஸ்பூன் கொடுப்பார்களாம், என் மகன் அங்கே வேலை பார்த்தபோது சொன்னான்.

கணக்குப்_புலி

எல்லோரும் உருகுகிறீர்கள், சரி. ஆனால் விற்கிற அன்றைக்கு இந்தக் கதைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக யாரும் கொடுக்க மாட்டான். வாங்குகிறவன் முத்திரை பார்ப்பான், எடை பார்ப்பான், நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பான், அவ்வளவுதான். "எஸ்டேட் அம்மா கொடுத்தது" என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாம். பழைய சாமான் கடையில் எந்தக் கரண்டியைக் கேட்டாலும் அது கவர்னர் வீட்டில் இருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். சூனியக்காரி ஸ்பூனை வைத்துக்கொள்ளுங்கள், சிங்கம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற முலாம் எல்லாம் இடத்தை அடைக்கிற குப்பை. ஊதினால் சுற்றுகிற காற்றாலையைப் பாப்பாவிடம் விளையாடக் கொடுங்கள்.

அலமாரி_அஞ்சுரோடு

புலி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கதை பொய் சொல்லும். என்னிடம் வேல்ஸ் நாட்டு மரக்கரண்டி ஒன்று இருக்கிறது, ஒரே கட்டையில் சங்கிலி, இதயம், கூண்டுக்குள் உருளும் உருண்டை எல்லாம் குடைந்தது. காதலிக்கு இளைஞன் செதுக்கிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம், அங்கே மியூசியத்தில் 1667 என்று தேதி வெட்டின ஒன்றே இருக்கிறது. எனக்கு விற்றவர் இதையும் அப்படி ஒரு காதல் கதையோடுதான் விற்றார். என் கணிப்பில் அது சுற்றுலாக் கடைச் சரக்கு, செதுக்கினவன் யாரையும் நினைத்துச் செதுக்கவில்லை. கதையைக் கழித்துத்தான் விலை பேசினேன்.

ஆனால் மல்லியின் டப்பா கடையில் வாங்கினது இல்லையே. கொடுத்த பிள்ளைகளைத் தெரிந்த ஒருத்தர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். முலாமோ ஈயமோ, அந்தக் காற்றாலையை எந்தப் பெண் கொண்டுவந்தாள், அவள் அப்பா அங்கே என்ன செய்தார், ஏன் அவள் ஒரு வருஷம் லீவுக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே இருந்தாள் என்று அத்தைக்குத் தெரியும். விலைக்காக இல்லை, புலி. விலைக்குச் சேர்க்கிறவன் வெள்ளிக்கட்டி வாங்கிக்கொள்ளலாமே, முத்திரை பார்க்கிற தொல்லைகூட இல்லை.

மல்லி, செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு எண், நூலில் கட்டின சின்ன அட்டை. ஸ்பூன் மேல் எதுவும் ஒட்டாதீர்கள், பசை கறையாகிவிடும். ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அத்தை சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள், எழுதின தேதியும் போடுங்கள். ஆண்டு தப்பாக இருந்தாலும், போன வாரம் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் திருத்தாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். முத்திரையில் நீங்கள் பார்த்ததைத் தனியாக வேறு மையில் எழுதுங்கள். அப்போது அத்தை சொன்னது எது, ஸ்பூன் சொல்வது எது என்று பின்னால் படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

மரவனேரி_மல்லி

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். எனக்குத் தூக்கம் வரும் வரை அத்தை விடவில்லை.

காற்றாலை கொண்டுவந்த பெண் ரொம்ப வாயாடியாம், ஊதி ஊதிச் சுற்றுகிறேன் என்று ஜெபம் நடக்கும்போது ஊதி மாட்டிக்கொண்டு முட்டி போட்டிருக்கிறாள். ரோலெக்ஸைக் கொடுத்த பையன் "மிஸ், அப்பா வாட்ச் வாங்கவில்லை, ஸ்பூன் மட்டும்தான் வாங்கினோம்" என்று அப்பாவியாகச் சொன்னானாம், அலமாரி அண்ணாவின் சந்தேகம் தீர்ந்தது. மலேசியா ஸ்பூன் வந்த கதை வேறு. அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தபோது அத்தைதான் வேப்பிலை கட்டி ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருந்திருக்கிறார், அவள் அம்மா அங்கே இருந்து இதைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். இதைத்தான் எடைக்குப் போட இருந்தோம்.

துப்பாக்கி ஸ்பூனில் பின்பக்கம் எழுத்து இருக்கிறது, தேய்ந்துவிட்டதால் படிக்க முடியவில்லை. யார் கொடுத்தது என்று அத்தைக்கு நினைவில்லை. இரண்டு பெயர் சொன்னார், இரண்டையும் எழுதிவிட்டேன்.

எஸ்டேட் அம்மா கதை மட்டும் மாறிவிட்டது. முதலில் பங்களாவைக் காலி செய்யும்போது என்றாரே, நேற்று அது கிறிஸ்துமஸுக்கு என்கிறார், அந்த அம்மாவின் சமையல்காரர் கையில் கொடுத்தனுப்பினார் என்கிறார். எதிர்த்துக் கேட்டால் கோபம் வருகிறது. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் தூக்கில் போட்ட 19 பேர் கதையைச் சொன்னேன், "அட பாவிகளா, ஒன்றும் செய்யாதவர்களையா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் அந்த ஸ்பூனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பூஜை அலமாரி பக்கம் கொண்டுவராதே என்கிறார்.

இனி டப்பாவில் போட மனசு வரவில்லை. சுவரில் மாட்டுகிற ஸ்டாண்டு சேலத்தில் எங்கே கிடைக்கும்?

அலமாரி_அஞ்சுரோடு

இதற்கென்று ரெடியாக எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. ஆன்லைனில் வருவது வெளிநாட்டு அளவு, விலையும் அதிகம். நான் லீ பஜார் பக்கம் ஒரு ஆசாரியிடம் சொல்லிச் செய்தேன். நீளமான பலகை, அதில் ஒரு வெட்டு விட்டு ஒரு வெட்டு, ஸ்பூனின் காம்பு நுழைந்து தலை மேலே நிற்கிற அகலம். உங்கள் சூனியக்காரிக்குக் காம்பு எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்லிவிடுங்கள், எல்லாவற்றையும் விட அகலமானதை மாதிரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். வெட்டின இடத்தில் வெல்வெட் ஒட்டுகிறேன் என்பார், வேண்டாம், பசையிலும் சாயத்திலும் என்ன இருக்கிறதோ. புது பாலிஷ் வாடை போகும் வரை வெளியே வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். சமையலறைச் சுவர் கூடாது, தாளிக்கிற புகையும் கேஸும் போதும் ஒரே மாதத்தில் கறுக்க.

குகை_பட்டறை

ஆசாரியிடம் கண்ணாடிக் கதவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், தூசி துடைக்கத் துடைக்கத்தான் முலாம் போகும். காற்றாலை இறக்கையின் ஆணி லூசாகிவிட்டிருந்தால் நீங்களே நெருக்க வேண்டாம், இடுக்கி பட்டால் இறக்கை முறிந்துவிடும். கொண்டுவாருங்கள், பற்றவைக்காமல் லேசாகத் தட்டித் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம், அத்தை வரமுடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், அந்த ஜெபக் கதையை எங்கள் பையன்களும் கேட்கட்டும்.